உதவி: ஸ்மார்ட் ஸ்பீக்கர் போன்ல சில நேரம் தெரியுது, சில நேரம் காணோம். ஞாயிறுக்குள்ள வேணும்

தோப்புவீடு | வெள்ளி இரவு 9.40
அவசரமா உதவி வேணுங்க. வீட்டுக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கி வச்சிருக்கேன். போன்ல இருந்து பாட்டு அனுப்பலாம்னு பார்த்தா ஸ்பீக்கர் பேரே வர மாட்டேங்குது. சில நேரம் வருது, அப்புறம் காணாமப் போகுது. லேப்டாப்லயும் இப்படித்தான். வைஃபை நல்லாத்தான் இருக்கு. ரீசெட் ரெண்டு தடவை பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ் ஏறணும், அதுக்குள்ள முடிச்சாகணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கம்பம்_செல்வி | 9.52
எந்த ஸ்பீக்கர், எந்த போன்? கூகுளா, அலெக்ஸாவா? அலெக்ஸா ஸ்பீக்கர்னா யூடியூப்ல இருக்கிற காஸ்ட் பொத்தான்ல அது வரவே வராது தம்பி. அது வேற வழி. ஐபோன்னா இன்னொண்ணு: ஐஓஎஸ் 14ல இருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியா குடுக்கணும். அவசரத்துல வேண்டாம்னு அமுக்கியிருந்தா ஒண்ணும் தெரியாது.

செங்கோட்டை_பாலன் | 10.05
5 கிகாஹெர்ட்ஸை அணைச்சிருங்க. 2.4 மட்டும் வைங்க. எங்க வீட்ல இதேதான். அணைச்ச அன்னையோட தீந்துச்சு.

நெட்வொர்க்_நாகு | 10.11
இந்தக் கேள்வியை இங்கே எத்தனையோ பேர் கேட்டு, எத்தனையோ தடவை பதில் சொல்லியாச்சு. முதல்ல தேடிப் பார்க்கிற பழக்கம் வரணும். ஒரே ரவுட்டர் ரெண்டு அலைவரிசை கொடுத்தாலும் உள்ளே அது ஒரே நெட்வொர்க்தான், அதனால பாலன் சொல்றது உங்களுக்குப் பொருந்தாது. போன் ஸ்பீக்கரைத் தேடுறது எம்டிஎன்எஸ் வழியா. 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 போர்ட்ல, "யாரெல்லாம் இருக்கீங்க"ன்னு பொதுவா ஒரு கேள்வி போகும், ஸ்பீக்கர் பதில் சொல்லும். அந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. கெஸ்ட் வைஃபைல இருந்தாலோ, ஏபி ஐசொலேஷன் (ஒரே வைஃபைல இருக்கிற சாதனங்களை ஒண்ணோட ஒண்ணு பேசவிடாம தடுக்கிற அமைப்பு) ஆன் ஆகியிருந்தாலோ பதில் வராது. அதைப் பாருங்க. அடிப்படை தெரியாம ரீசெட் பண்றதுல பிரயோஜனம் இல்லை.

புத்தூர்_சிவா | 10.20
ப்ளூடூத்ல இணைச்சு விடுங்க பிரதர். எதுக்கு இவ்வளவு தலைவலி. ஆந்திரா பக்கம் எங்க கடைல அப்படித்தான் ஓடுது.

தோப்புவீடு | 10.48
மன்னிச்சுக்குங்க, சாப்பிடப் போயிட்டேன். நெஸ்ட் மினி, ஆண்ட்ராய்டு போன், விண்டோஸ் லேப்டாப். கெஸ்ட் வைஃபை இல்லைங்க, ஐசொலேஷனும் ஆஃப்ல இருக்கு. ப்ளூடூத் வேலைக்கு ஆகாதுங்ணா, ஸ்பீக்கர் பின்கட்டு வீட்ல இருக்கு.

புளியறை_டீச்சர் | 10.55
பின்கட்டுன்னா எவ்வளவு தூரம் தம்பி? அங்கே வைஃபை எப்படிப் போகுது? குரல் கொடுத்தா ஸ்பீக்கர் பதில் சொல்லுதா? இந்த மூணையும் சொல்லுங்க.

தோப்புவீடு | 11.20
டீச்சர், 40 மீட்டர் இருக்கும். நாங்க வேலந்தாவளம் பக்கம், தென்னந்தோப்புக்குள்ள வீடு. முன்வீடு கான்கிரீட், பின்னாடி பழைய ஓட்டு வீடு, மண்சுவர் ஒண்ணரை அடி கனம். அங்கதான் எங்க தாத்தா, அப்புச்சி, படுத்திருக்காரு. முன்வீட்டு ரவுட்டர்ல இருந்து வயர் இழுத்து பழைய ரவுட்டர் ஒண்ணு அங்க வச்சிருக்கேன். ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டுதான். குரல் குடுத்தா நல்லாவே பதில் சொல்லுது, பாட்டும் பாடுது.

புளியறை_டீச்சர் | 11.31
இதை முதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி. ரெண்டு ரவுட்டர்தான் சங்கதி, ஒவ்வொண்ணும் தனித்தனி நெட்வொர்க் போட்டு வச்சிருக்கும்.

குரலுக்குப் பாடுதுன்னா ஸ்பீக்கருக்கு இணையம் இருக்கு, அதுல பழுது இல்லை. உங்க போன் முன்வீட்டு ரவுட்டர்ல நிக்கும்போது ஸ்பீக்கர் காணாமப் போகும், பின்கட்டுக்கு நடந்து போனா பழைய ரவுட்டரைப் பிடிச்சுக்கும், உடனே தெரியும். பேர் ஒண்ணா இருக்கிறதால மாறினது உங்களுக்கே தெரியாது. "சில நேரம்"னு நீங்க எழுதினது நேரத்தைப் பொறுத்தது இல்லை, நிக்கிற இடத்தைப் பொறுத்தது.

சோதிச்சுப் பாருங்க. முன்வீட்ல நின்னு போனோட ஐ.பி. முகவரியைக் குறிச்சுக்குங்க. கூகுள் ஹோம் ஆப்ல ஸ்பீக்கரோட அமைப்புகளுக்குள்ள சாதனத் தகவல்ல அதோட ஐ.பி. இருக்கும். ஒண்ணு 192.168.1ன்னும் இன்னொண்ணு 192.168.0ன்னும் ஆரம்பிச்சா ரெண்டும் வேற வேற தெருவுல குடியிருக்குன்னு அர்த்தம்.

நெட்வொர்க்_நாகு | 11.40
நான் சொன்னதும் அதேதான், கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. பழைய ரவுட்டரைத் தூக்கிட்டு ஒரு மெஷ் செட் (பல பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையா வேலை செய்றது) வாங்குங்க. சரியா செய்யணும்னா செலவு செய்யணும்.

கம்பம்_செல்வி | 11.44
எதுக்கு வாங்கணும்? இருக்கிறதையே மாத்தி வைக்கலாம்ல. டீச்சர் சொல்லட்டும்.

புளியறை_டீச்சர் | சனி காலை 6.15
வாங்க வேண்டாம். பழைய ரவுட்டர் மெனுவுல ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தா அதைத் தேர்ந்தெடுத்தா போதும். இல்லைன்னா கையால செய்யலாம். லேப்டாப்பை அந்த ரவுட்டர்ல வயர்ல மாட்டி உள்ளே போங்க. அதோட சொந்த முகவரியை 192.168.1.2ன்னு மாத்துங்க (முன்வீட்டு ரவுட்டர் 192.168.1.1ஆ இருந்தா). அப்புறம் டிஎச்சிபியை, அதாவது சாதனங்களுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கிற வேலையை, அணையுங்க. கடைசியா, முன்வீட்ல இருந்து வர்ற வயரை வேன் போர்ட்ல (இணையம் உள்ளே வர்ற துளை) இருந்து உருவி லேன் போர்ட் (வீட்டுச் சாதனங்களை மாட்டுற துளை) ஒண்ணுல செருகுங்க. அதுக்கப்புறம் அது முகவரி கொடுக்காது, அலையை மட்டும் பரப்பும். முழு வீட்டுக்கும் ஒரே தெரு.

வயர் நீளம் பிரச்சனையே இல்லை, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும்.

செங்கோட்டை_பாலன் | 7.02
வயர் தோப்புல வெளிய போகுதா? ஐப்பசி இடிக்கு ரெண்டு பக்கமும் ரவுட்டர் போயிரும். எங்க பக்கத்துல போன வருசம் அப்படித்தான். மழை நாள்ல ரெண்டு முனையையும் உருவி வைங்க.

தோப்புவீடு | 11.30
டீச்சர் சொன்ன மாதிரியே இருந்துச்சுங்க. போன் 1, ஸ்பீக்கர் 0. மாத்திட்டேன். இப்ப முன்வீட்டுத் திண்ணைல உக்காந்தாலும் ஸ்பீக்கர் தெரியுது. ரொம்ப நன்றிங்க.

ஆனா லேப்டாப்ல இருக்கிற பாட்டு போக மாட்டேங்குது. யூடியூப் போகுது. அந்த ஃபைலை குரோம்ல இழுத்துப் போட்டா பாடாம டவுன்லோடு ஆகுது.

கம்பம்_செல்வி | 11.41
என்ன ஃபைல்? மறுபடியும் சொல்லாம விட்டுட்டீங்க.

தோப்புவீடு | 12.10
ஏஎம்ஆர் ஃபைல்ங்க. 23 இருக்கு. 2008ல கோயில் நோம்பில எங்க அப்புச்சி உடுக்கையடிச்சுப் பாடுனதை பட்டன் போன்ல ரெக்கார்டு பண்ணேன், அப்ப நான் ஒம்பதாவது படிச்சேன். மெமரி கார்டு இத்தன நாளும் டிரங்குப் பெட்டில கிடந்துச்சு. ஒரு ராத்திரிப் பாட்டு முழுசும் இருக்கு. அப்புச்சிக்கு இப்ப கண்ணு தெரியறதில்ல, எந்திரிக்க முடியாது. அவரு குரலை அவரே கேக்கணும். அதுக்குத்தான் ஸ்பீக்கரே வாங்குனேன்.

புளியறை_டீச்சர் | 12.25
தம்பி, இதைத்தான் முதல் வரில எழுதியிருக்கணும்.

கேளுங்க. யூடியூப்ல காஸ்ட் அமுக்கும்போது உங்க போன் பாட்டை அனுப்புறதில்லை. எந்தப் பாட்டு, எங்கே இருக்குன்னு விலாசத்தை மட்டும் கொடுக்கும். ஸ்பீக்கர் நேரா இணையத்துல போய் எடுத்துக்கும். போனை அணைச்சாலும் பாட்டு ஓடுறது அதனாலதான். லேப்டாப்ல இருக்கிற ஃபைல்னா ஸ்பீக்கர் உங்க லேப்டாப்பைத் தேடி வந்து எடுக்கணும். ரெண்டு தடை வரும். விண்டோஸ்ல உங்க வைஃபை பொதுன்னு குறிச்சிருந்தா ஃபயர்வால் கதவைச் சாத்தும், அதைத் தனிப்பட்டதுன்னு மாத்துங்க. அடுத்தது, வந்து எடுத்தாலும் அந்த வடிவம் ஸ்பீக்கருக்குப் புரியணும். எம்பி3, ஏஏசி, ஃபிளாக், ஓபஸ், வாவ் புரியும். ஏஎம்ஆர் புரியாது. முதல்ல 23 ஃபைலையும் எம்பி3 ஆக்குங்க. அப்புறம் விஎல்சில பிளேபேக் மெனுவுல ரெண்டரர்னு இருக்கும், அதுல ஸ்பீக்கர் பேர் வரும். பாட்டு முடியுற வரைக்கும் லேப்டாப் தூங்காம பார்த்துக்குங்க.

ஒலிக்கிறுக்கன் | 12.50
எம்பி3 வேண்டவே வேண்டாம்! கிடைக்காத பதிவு இது. ஒலியை வெட்டாத ஃபிளாக்ல மாத்துங்க. கூடவே இரைச்சல் நீக்கியில போட்டு, இப்ப வந்திருக்கிற ஏஐ கருவில குரலைத் துலக்குங்க. புதுசு மாதிரி ஆயிரும்.

நெட்வொர்க்_நாகு | 1.05
ஏஎம்ஆர் என்பது கைப்பேசிப் பேச்சுக்காக 1999ல ஏத்துக்கிட்ட வடிவம். நொடிக்கு 8000 மாதிரிகள்தான் எடுக்கும். உச்சத்துல 12.2 கிலோபிட். ஒரு மணி நேரப் பதிவே ஐந்தரை எம்பிதான் வரும். 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பதிவாகும்போதே வெட்டி எறிஞ்சாச்சு. அதை ஃபிளாக்ல போட்டா போனது திரும்பி வருமா? பெட்டிதான் பெருசாகும்.

ஒலிக்கிறுக்கன் | 1.14
போனது வராது, நானும் அதைச் சொல்லலை. இருக்கிறது இன்னொரு தடவை தேயக் கூடாதுன்னு சொல்றேன். எம்பி3 மறுபடியும் கொஞ்சம் வெட்டும்.

நெட்வொர்க்_நாகு | 1.20
128 கிலோபிட்ல போட்டா காதுக்குத் தெரியப் போறதில்லை. மூல ஃபைலைத் தொடாம வச்சுக்கிட்டா பாதுகாப்பு அதுவே. இதுல விவாதத்துக்கு ஒண்ணுமில்லை.

கம்பம்_செல்வி | 1.33
ரெண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் சொல்றீங்க. ஆனா அந்த ஏஐ வேலை மட்டும் வேண்டாம். இரைச்சல் நீக்கி எதை இரைச்சல்னு எடுத்துக்கும்? உடுக்கைச் சத்தமே முதல்ல போயிரும். எங்க அம்மா பாடுன நடவுப் பாட்டை அப்படிப் போட்டேன். பின்னாடி தண்ணி ஓடுற சத்தம், குருவிச் சத்தம் எல்லாம் அழிஞ்சு, குரலும் வேற யாரோ மாதிரி ஆயிருச்சு. நல்லவேளை பழசு இருந்துச்சு.

ஒலிக்கிறுக்கன் | 1.41
அக்கா சொல்றது சரி. ஏஐ பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஃபிளாக் பத்தி இல்லை.

புத்தூர்_சிவா | 2.10
இன்னமும் சொல்றேன், அந்த பழைய வீட்லயே ஒரு பழைய போனை வச்சு, எம்பி3 எல்லாம் அதுல ஏத்தி, ஸ்பீக்கரோட ப்ளூடூத்ல கட்டி விடுங்க. ஒரே அறைக்குள்ளன்னா 10 மீட்டர் தாராளம். நெட் போனாலும் போன்ல இருக்கிற பாட்டு ஓடும். இவர் பெங்களூர் போயிட்டா லேப்டாப்பும் கூடப் போகும். அப்புறம் தாத்தாவுக்கு யார் போட்டு விடுவாங்க?

புளியறை_டீச்சர் | 2.22
சிவா கேக்கிறது நியாயமான கேள்வி. நான் அதை யோசிக்கலை. தம்பி, நீங்க ஊர்ல இருக்கிற வரைக்கும் லேப்டாப், போன பிறகு பழைய போன். போட்டு விடப் போறவங்களுக்கு நாளைக்கே ரெண்டு தடவை செஞ்சு காட்டிட்டுப் போங்க.

செங்கோட்டை_பாலன் | 2.30
மின்சாரம் போய் வந்தா ப்ளூடூத் தானா சேராம போகலாம், அதையும் காட்டிக் கொடுங்க. ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒண்ணும் வச்சா நல்லது.

ஒலிக்கிறுக்கன் | சனி இரவு 9.15
தோப்புவீடு, என்ன ஆச்சு? மாத்த முடியலைன்னா ஒரு ஃபைலை எனக்கு அனுப்புங்க, நான் மாத்தித் தர்றேன்.

கம்பம்_செல்வி | ஞாயிறு மதியம் 1.50
பதிலே காணோம். பாடுச்சா தம்பி?

தோப்புவீடு | ஞாயிறு இரவு 8.35
பாடுச்சுங்க. எம்பி3தான் ஆக்குனேன், மூலத்தைத் தொடலை. காலைல ஆறு மணிக்கு முதல் பாட்டைப் போட்டேன். அப்புச்சி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "இது என் குரலு இல்ல சாமி, பின்பாட்டுக்காரன் குரலு, நான் பின்னாடி வருவேன்"னாரு. அடுத்த ஃபைல்ல அவரு குரல் வந்துச்சு. இத்தன வருசமா நான் முதல் குரலைத்தான் அவருதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். அம்மாவுக்கு பழைய போன்ல போட்டுக் காட்டிட்டேன், தனியாவே போட்டாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. எல்லாருக்கும் நன்றிங்க.

ஒலிக்கிறுக்கன் | 8.52
அந்த மெமரி கார்டை மட்டும் நம்பி இருக்காதீங்க. இன்னும் ரெண்டு இடத்துல நகல் வைங்க. பின்பாட்டு பாடினவர் யாருன்னு அப்புச்சிகிட்ட கேட்டு ஃபைல் பேர்லயே எழுதி வைங்க. வச்சாச்சுன்னு ஒரு வரி போடுங்க.

ஆனைமலை_ராசு | திங்கள் காலை 10.05
எனக்கும் இதே பிரச்சனைதான். ஸ்பீக்கர் தெரிய மாட்டேங்குது. சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

கம்பம்_செல்வி | 10.12
எந்த ஸ்பீக்கர்? வீட்ல எத்தனை ரவுட்டர்?