சிறு குமிழி மறைந்துபோகிறதா?

கொக்குவில் மாணவன்:
குழாயொன்றின் இரு முனைகளிலும் சமனற்ற சவர்க்காரக் குமிழிகளை ஊதி, இடையிலுள்ள அடைப்பைத் திறந்தால், சிறியது சுருங்கி மறையும், பெரியது மேலும் பெருக்கும் என்று உயர்தர பௌதிகவியல் வகுப்பில் குறிப்புத் தந்தார்கள். "மறையும்" என்ற சொல் பிழையானது என்பது என் வாதம்.

நல்லூர் பழைய ஆசிரியர்:
தம்பி, நானும் அவ்வாறே கற்பித்தவன். குமிழிப் படலத்துக்கு இரு பரப்புகள் உண்டு. ஆகவே பரப்பிழுவிசையின் நான்கு மடங்கை ஆரையால் வகுத்தால் மேலதிக அமுக்கம் கிடைக்கும். பரப்பிழுவிசை மீற்றருக்கு 0.025 நியூற்றன் எனக் கொண்டால், 1 சென்ரிமீற்றர் ஆரையுள்ள குமிழியில் 10 பஸ்காலும், 2 சென்ரிமீற்றர் ஆரையுள்ளதில் 5 பஸ்காலும் இருக்கும். சுருங்கச் சுருங்க இந்த வேறுபாடு கூடுமேயொழியக் குறையாது. பிறகு அது எங்கே நிற்கும்?

கொக்குவில் மாணவன்:
ஐயா, சூத்திரத்திலுள்ள ஆரை குமிழியின் பருமனைக் குறிப்பதன்று, படலத்தின் வளைவினாரையை, அதாவது படலம் எந்தக் கோளத்தின் துண்டோ அந்தக் கோளத்தின் ஆரையைக் குறிப்பது. குழாய்வாயின் ஆரை 4 மில்லிமீற்றர் எனில், படலம் அரைக்கோளமாகும்போது வளைவினாரையும் அதுவே. அதற்குக் கீழே அது இறங்க முடியாது. அமுக்கம் அங்கே 25 பஸ்கால் என்ற உச்சத்தைத் தொட்டு, அதன்பின் காற்று வெளியேற வெளியேறப் படலம் தட்டையாகி வளைவினாரை கூடுவதால், பெரிய குமிழியின் ஏறத்தாழ 5 பஸ்காலுக்கு இறங்கியதும் ஓட்டம் நின்றுவிடும். மிஞ்சுவது 0.4 மில்லிமீற்றர் உயரமான ஒரு மூடி.

சாவகச்சேரி வாசகி:
இரண்டும் சம அளவாயின் சண்டையே இல்லையல்லவா?

கொக்குவில் மாணவன்:
சமநிலைதான், அக்கா, ஆனால் அரைக்கோளத்தைத் தாண்டிய சோடி உறுதியற்றது. ஒன்றிலிருந்து சிறிது காற்று நகர்ந்தாலும் இழந்ததில் அமுக்கம் ஏறி, அது மேலும் இழக்கும். அரைக்கோளத்துக்குக் குறைந்த சோடியிலோ இழந்தது தட்டையாகி அமுக்கம் இறங்குவதால், போன காற்று திரும்பிவிடும். குழாயின் இரு முனைகளிலும் நிற்கும் சிறு நீர்த்துளிகளுக்கும் இதே நியாயந்தான். பரப்பு ஒன்றே என்பதால் நான்குக்குப் பதில் இரண்டு.

நல்லூர் பழைய ஆசிரியர்:
கணக்கில் குறை காணேன். ஆனால் 0.4 மில்லிமீற்றரை எவர் கண்டார்? பரீட்சைத்தாளில் அதை எழுதிப் புள்ளியை இழக்காதீர்.

கொக்குவில் மாணவன்:
நான் கண்டேன், ஐயா. சோளகம் ஓய்ந்த ஒரு மாலையில், இரண்டு பப்பாசிக் குழல்களைச் சேலைன் குழாயால் இணைத்து ஊதிப் பார்த்தேன். சுருங்கி நின்ற மூடியில் எங்கள் வீட்டுச் சன்னல் அரிசியளவாய்த் தெரிந்தது. பெரிய குமிழி உடைந்த கணமே அந்தச் சன்னல் பெருத்து, குழல் விளிம்புக்கு வெளியே போய்விட்டது.