ஜிம்னியின் பின்கதவில் பெரிய மேலதிக சில்லு: கதவு தாங்குமா?

கேள்வி: கடலோரம், வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1.3 லீற்றர் சுசுகி ஜிம்னி (ஜேபி43) உள்ளது. வார நாள்களில் கொழும்புக்குள் ஓடினாலும், விடுமுறை கிடைக்கும்போது மீமுரே, வில்பத்து போன்ற இடங்களுக்குச் செல்வதால், வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி, 205/70ஆர்15 அளவிலிருந்த டயர்களைக் கழற்றிவிட்டு 235/75ஆர்15 அளவிலான சேற்று டயர்களைப் பூட்டியுள்ளேன். நான்கு சில்லுகளும் நன்றாகப் பொருந்திவிட்டன. ஐந்தாவது சில்லில்தான் சிக்கல். பழைய தாங்கியில் அதைப் பூட்டினால் டயரின் அடிப்பகுதி பம்பரில் முட்டுகிறது. வேலைத்தளத்தில் வாசர்களை அடுக்கி வெளியே தள்ளிப் பூட்டித் தந்தார்கள். அதன் பிறகு, கதவை மூடும்போது கைப்பிடியைச் சற்று மேலே தூக்கினால்தான் பூட்டு விழுகிறது.

பழைய சிறிய சில்லையே மேலதிக சில்லாக மீண்டும் மாட்டிவிடலாமா, அல்லது கதவைப் பலப்படுத்துவதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: நாற்சில்லு, தெஹிவளை

சிறிய சில்லை மாட்ட வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 205/70ஆர்15 டயரின் விட்டம் 668 மில்லிமீற்றர், 235/75ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 734 மில்லிமீற்றர். அதாவது, பெரிய சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது சிறியதைவிட ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் கூடுதலாக ஓடிவிடுகிறது. ஒரே அச்சில் இந்த இரண்டும் சேர்ந்தால், நேரான பாதையிலும் டிபரன்சல் (ஓர் அச்சின் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் பல்சக்கரத் தொகுதி) ஓயாமல் வேலை செய்தபடியே இருக்கும். அதைவிட மோசமானது நாற்சில்லு இயக்கம். ஜிம்னியில் நடு டிபரன்சல் கிடையாது; 4டபிள்யூடி பொத்தானை அழுத்தியதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைந்துவிடும். ஓர் அச்சு மற்றதைவிட ஏறத்தாழ ஐந்து சதவீதம் வேகமாகச் சுழல வேண்டிய நிலையில், அந்த முறுக்கம் முழுவதும், இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்குள் இறங்கும். சேற்றில் டயர் வழுக்கி அதை விடுவித்துக்கொள்ளும். பாறையிலும் கொங்கிறீற்றிலும் அதற்கு வழியே இல்லை. காட்டுப்பாதையில் டயர் வெடிக்கும் வேளையில்தான் நாற்சில்லு இயக்கம் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. அந்த வேளையில் அதைப் பயன்படுத்த முடியாதபடி செய்கின்ற மேலதிக சில்லைச் சுமந்து திரிவதில் என்ன பயன்?

கையில் சிறிய சில்லு மட்டுமே இருக்கும் நிலை எப்போதாவது வந்தால், பின்சில்லு பஞ்சராகியிருந்தாலும், முன்னாலுள்ள நல்ல சில்லொன்றைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, சிறியதை முன்னால் பூட்டி, இருசில்லு இயக்கத்தில் மெதுவாக அருகிலுள்ள டயர்க் கடை வரை மட்டும் செல்லுங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வாகனமானால் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும்.

இனிக் கதவு. வாசர்களை அடுக்கியதுதான் கேட்டை விளைவித்திருக்கிறது. சில்லின் பாரம் கூடியது ஒருபுறமிருக்க, அதைப் பிணைச்சலிலிருந்து தள்ளி வைக்க வைக்க, குழியில் விழும் ஒவ்வொரு முறையும் கதவின் மீது வரும் இழுவை பெருகுகிறது. கதவை அரைவாசி திறந்து, வெளி விளிம்பை இரு கைகளாலும் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் பிணைச்சல் ஊசியில் இருக்கிறதா, பிணைச்சல் பூட்டியிருக்கும் தகரத்தில் இருக்கிறதா என்று கண்டறிவது அவசியம். பிறகு உள்பக்க அட்டையைக் கழற்றி, தாங்கியின் போல்ட்டுகளைச் சுற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். வர்ணத்தில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் அது தகரத்தின் வெடிப்பு. அந்தக் கோட்டை வெல்டிங் செய்து மூடுவது மட்டும் போதாது. உள்ளே ஒரு தகடு வைத்துப் பாரத்தைப் பரப்பினால்தான் நிலைக்கும்.

மறுமொழி 2: பஞ்சிகாவத்தைப் பக்கம்

முதல் மறுமொழியில் சொல்லப்பட்டவற்றை ஏற்கிறேன். ஆனால் இந்த அளவு சேற்று டயருக்குக் கதவைப் பலப்படுத்துவது தற்காலிகத் தீர்வு மட்டுமே. சில்லின் பாரத்தைக் கதவிலிருந்து முற்றாக நீக்கி, சேஸியில் போல்ட் செய்யப்பட்ட இரும்புப் பின் பம்பரில், தனியாகத் திறக்கும் கைத்தாங்கியொன்றை அமைப்பதே நிலையான வழி. கைத்தாங்கி சுழலும் இடத்தில் கிறீஸ் அடிக்கக்கூடிய பெயாரிங் இருக்க வேண்டும். வெறும் குழாய்க்குள் குழாய் வைத்துத் தந்தால், காலி வீதியின் உப்புக் காற்றில் விரைவில் இறுகிவிடும். மூடிய நிலையில் மறுமுனை ஆடாமலிருக்க ரப்பர் தாங்கியும் இழுத்துப் பூட்டும் கொண்டியும் தேவை. பின்விளக்குகளும் இலக்கத்தகடும் மறையாதபடி உயரத்தை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். வெல்டிங் வேலை நடக்கும்போது பற்றரியின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

ரிம் வாங்கும்போது 5×139.7 துளை அமைப்பு (139.7 மில்லிமீற்றர் விட்ட வட்டத்தில் ஐந்து துளைகள்) மட்டும் போதாது. நடுத்துளை 108 மில்லிமீற்றர் உள்ளதா, நட்டின் கூம்பு ரிம்மின் இருக்கையில் சரியாக அமர்கிறதா என்பதையும் கையால் வைத்துப் பார்த்தே பணம் கொடுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

கடலோரம், வெள்ளவத்தை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். கீழ்ப் போல்ட்டின் அருகே நீங்கள் சொன்ன கோடு இருக்கிறது. கதவைச் செப்பனிட்டு, கைத்தாங்கி அமைக்கத் தீர்மானித்துவிட்டேன். அதுவரை சில்லைப் பின் இருக்கையை மடித்து உள்ளே வைக்கலாம் என்று நினைக்கிறேன். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

மறுமொழி 3: நாற்சில்லு, தெஹிவளை

உள்ளே வைப்பதானால், தரையிலுள்ள கொக்கிகளில் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். திடீரெனப் பிரேக் பிடித்தால் கட்டாத சில்லு முன்னால் இருப்பவர்களின் முதுகில்தான் வந்து மோதும்.

வாகனத்தோடு வந்த ஜக் இப்போது எட்டாது. உயர்த்திய வாகனத்தின் அச்சுக்கடியில் வைக்கத்தக்க போத்தல் ஜக்கையும், மண்ணில் புதையாமலிருக்கத் தடித்த பலகைத் துண்டொன்றையும் எடுத்துச் செல்லுங்கள். புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு சில்லைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

வேகமானியையும் மறக்க வேண்டாம். டயரின் விட்டம் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடியிருப்பதால், முள் 100 காட்டும்போது, அது முன்பு சரியாகக் காட்டியிருந்தால், உண்மை வேகம் 110ஐ எட்டும். அதிவேகப் பாதையின் எல்லை 100 மட்டுமே. ஜிபிஎஸ்ஸுடன் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டியிருப்பதும் டயர் பெரிதானதால்தான்.

வேலையைத் தொடங்குவதற்கு முன், செய்யப்போகும் மாற்றங்களுக்கு அனுமதி தேவையா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து, பதிலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் வேலை முடிந்ததும் ஐந்து சில்லுகளையும் முறை மாற்றிப் பூட்டி ஓடுங்கள். தேய்மானம் ஒன்றாக இருந்தால்தான் ஐந்தாவதும் மற்ற நான்கோடு பொருந்தும்.