ஜன்னல் ஏசி வச்சிருக்கவுக உங்க அனுபவத்தச் சொல்லுங்க (காரைக்குடி பக்கம்)

மாடிவீட்டுக்காரன்:

இத எங்கயாச்சும் எறக்கி வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும், அதான் எழுதுறேன். செக்காலைப் பக்கம், மூணாவது மாடி, மேல மொட்டமாடி, ஒரே ஒரு பெட்ரூம். கத்திரி சமயத்துல எப்புடி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேனப் போட்டா மேல கிடக்குற சூட்ட அள்ளி மூஞ்சில ஊத்தும். வாடகை வீடு, செவுத்துல ஓட்ட போட ஓனர் விடமாட்டேன்னுட்டாரு, ஸ்ப்ளிட்டுக்கு வழியில்ல. ஜன்னல் கதவக் கழட்டி, கம்பிய எடுத்து, பலகை அடிச்சு ஒரு டன் ஜன்னல் ஏசி வச்சாச்சு. வாங்குன கதை எல்லாருக்கும் ஒரே கதைதான், விடுங்க.

மாட்ட வந்த பையன் பின்பக்கம் லேசா சரிவாத்தான் வச்சான், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். தண்ணி போறதுக்கு ட்யூப் போடலையான்னு கேட்டேன். "அண்ணே, வெளியதான சொட்டப்போகுது"ன்னான். நானும் மண்டைய ஆட்டுனேன்.

கீழ்வீட்டுல ஒரு ஆச்சி தனியா இருக்காக. பின்னாடி கொஞ்சம் சிமெண்ட் தரை இருக்கு, அது அவுக பொழங்குற எடம். ஏசி போட்டு நாலாம் நாள் காலைல ஏழு மணிக்கு காலிங்பெல். தொறந்தா ஆச்சி. லிஃப்ட் கிடையாது, மூணு மாடி ஏறி வந்து நிக்கிறாக, மேமூச்சு கீமூச்சு வாங்குது, கைல பச்ச பிளாஸ்டிக் வாளி, அரை வாளிக்கு மேல தண்ணி.

"தம்பி, இது ஒங்க தண்ணி. ராத்திரி எங்க வீட்ல வந்து விழுந்துச்சு. குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மொகத்துல கோவமே இல்லங்க. விசேஷத்துக்கு வாங்குன பாத்திரத்தத் திருப்பிக் குடுக்க வந்தவுக மாதிரி நிக்கிறாக. வாளில ரெண்டு வேப்பெல மெதக்குது. நான் என்ன செஞ்சேன்னு நெனைக்கிறீக? வாங்கிக்கிட்டேன். வாங்கி பாத்ரூம்ல ஊத்திட்டு, வாளியக் கழுவி, திருப்பிக் குடுத்தேன். ஒரு மன்னிப்பு வாய்ல வரல. "வாரேன் தம்பி"ன்னு கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா எறங்கிட்டாக. பெறகு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும், மொத ரெண்டு ராத்திரி வேட்டில காயப்போட்டு வச்சிருந்த கூழ் வத்தல் அம்புட்டும் நனைஞ்சு கரைஞ்சு போச்சாம். அதப்பத்தி ஒரு வார்த்தை பேசல பாருங்க, அதான் அறுக்குது. உங்களுக்கு இப்புடி ஏதாச்சும் நடந்துருக்கா?

கோட்டையூர் பேரன்:

தண்ணி சொட்டுறதெல்லாம் ஒரு பிரச்சனையா தம்பி, எங்களுக்கு ஏசியே மூச்சடைச்சுப் போச்சு. எங்க ஐயா வீடு, பழைய வீடு, வளவுல, அதாவது உள்முத்தத்தச் சுத்தியிருக்க கட்டுல, ஒரு ரூம எங்களுக்குன்னு ஒதுக்குனாக. அப்பத்தாவுக்கு ஒடம்புக்கு முடியல, வெக்கை ஆகல, அதனால ஒன்றர டன் ஜன்னல் ஏசி வாங்கி அந்த ரூம் ஜன்னல்லயே வச்சோம். செவுரு ரெண்டடி கனம். அழகா உள்ள போயி உக்காந்துச்சு, வெளிய துருத்தாம பாக்கவும் லட்சணமா இருந்துச்சு, அந்த லட்சணம்தான் வெனை. ஜில்லுன்னு முக்கா மணி நேரம் ஓடும், அப்பறம் கம்ப்ரசர் நின்னுரும், வெறும் காத்து மட்டும் வரும். மெக்கானிக் வந்தாரு, கேஸ் இல்லைன்னாரு, ஏத்துனாரு, காசு வாங்குனாரு. பத்து நாள்ல மறுபடி அதே கதை, மறுபடி கேஸ் இல்லைன்னாரு. புது மெஷின்ல கேஸ் எங்கங்க போகும், அது என்ன ஸ்கூட்டர் பெட்ரோலா, லீக் இருந்தாத்தான குறையும்? அன்னைக்கு இது எனக்குத் தோணல.

கடைசில பள்ளத்தூர்லேர்ந்து வயசான ஒருத்தர் வந்தாரு. டூல் பையக்கூடத் தொறக்கல. வெளிப்பக்கமாப் போயி ஜன்னல் ஓட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டாரு, விட்டவரு சடக்குன்னு வெளிய இழுத்துட்டாரு. "நீங்களும் விட்டுப் பாருங்க"ன்னாரு. அடுப்பு. சுத்தமா அடுப்புக்குள்ள கை வச்ச மாதிரி. ஜன்னல் ஏசிக்கு ரெண்டு பக்கவாட்டுலயும் செதில் செதிலா ஓட்டை இருக்குல்ல, அது வழியாத்தான் வெளிக்காத்த இழுக்கும், இழுத்து பின்னாடி சூடாத் தள்ளும். அந்த ஓட்டை செவுத்துக்கு வெளிய இருக்கணும். எங்களுது ரெண்டடி செவுத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கு, தான் விட்ட சூட்டையே தான் இழுத்துக்கிட்டு. "கழுத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு ஓடு ஓடுன்னா எப்புடிய்யா ஓடும்"னு கேட்டாரு. செவுத்த வெட்டி வெளியத் தள்ளி வைக்கலாம்னு யோசனை சொன்னாரு. தேக்கு நிலைல உளி படக்கூடாதுன்னு எங்க அயித்தை ஒரே முடிவாச் சொல்லிட்டாக. ஏசிய வித்தாச்சு. ரெண்டு தடவை கேஸ் ஏத்துனேன்னு காசு வாங்குனவரு இன்னைக்கும் பஸ் ஸ்டாண்ட்ல என்னயப் பாத்தா வணக்கம் வைக்கிறாரு.

ரஸ்தா:

பல்லி. எங்களுக்கு பல்லி. ஏசியோட சர்க்யூட் போர்டுக்குள்ள பூந்து குறுக்க விழுந்து செத்துக்கிடந்துச்சு, டப்புன்னு ஒரு சத்தம், கருகுன வாடை, அவ்வளவுதான். வாரண்டில வராதுன்னுட்டாக. போர்டு விலைக்கு ஒரு ஃபிரிட்ஜே வாங்கலாம்போல. எம் பொண்டாட்டி மட்டும் பல்லி விழுந்த பலன் என்னன்னு பஞ்சாங்கத்துல தேடுறா.

கணக்குப்புள்ள:

மேல எழுதுன எல்லாரும் ஒரே தப்பத்தான் செஞ்சிருக்கீக, வாங்குறதுக்கு முன்னாடி கணக்குப் போடல. எனக்கு அனுபவம்னு பெருசா இல்ல, 6 வருஷமா ஒரே ஏசி ஓடுது, ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா சில விஷயம் சொல்றேன், குறிச்சு வச்சுக்கங்க.

மாடிவீட்டுத் தம்பி ஒரு டன் வாங்குனது மொதத் தப்பு. ஒரு டன்னுன்னா ஏசியோட எடை இல்ல, 12,000 பிடியு (சூட்ட அளக்குற கணக்கு), ஒரு மணி நேரத்துல அம்புட்டு சூட்ட வெளியேத்தும்னு அர்த்தம். நூறு, நூத்திப்பத்து சதுரடி ரூமுக்கு அது போதும்தான், ஆனா மேல மொட்டமாடி, அதுவும் நம்மூரு வெயில்னா அந்தக் கணக்கு செல்லாது, ஒன்றர டன்னுக்குப் போயிருக்கணும். சின்ன மெஷின் கம்ப்ரசர நிப்பாட்டாம ஓடும். சரி, வாங்கியாச்சு, மொட்டமாடிக்கு வெள்ளக் கூல் பெயிண்ட்டாவது அடிக்கச் சொல்லுங்க ஓனர.

கரண்டு. ஒன்றர டன் 3 ஸ்டார் ஜன்னல் ஏசி, கம்ப்ரசர் ஓடுற நேரத்துல மணிக்கு ஒன்றர யூனிட்ட ஒட்டி எடுக்கும். ராத்திரி 8 மணி நேரம், நடுவுல நின்னு நின்னு ஓடுறதக் கழிச்சாலும் 8 யூனிட்டுன்னு வைங்க. நமக்கு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, 60 நாள்னா ஏசிக்கு மட்டும் 480. மொதக் கொஞ்சம் யூனிட் இலவசம்தான், அத நம்பாதீக, ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் எல்லாம் சேந்து 500ஐத் தாண்டுச்சுன்னா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, கீழ இருக்க சில யூனிட்டுக்கும் சேத்துத்தான் ஏறும். 499க்கும் 501க்கும் ரெண்டு யூனிட் வித்தியாசம்தான், பில்லப் பாத்தா நெஞ்ச அடைக்கும். அதனால நான் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மீட்டரப் பாத்து காலண்டர்ல எழுதுறேன். டெம்பரேச்சர் 26, கூட ஃபேன் ரெண்டுல. 2020லேர்ந்து ஸ்டார் போட்ட ஏசி எல்லாம் ஆன் பண்ணுனா 24லதான் நிக்கணும்னு வச்சிருக்காக, அத 18க்கு எறக்குனா ரூம் சீக்கிரம் குளுந்துரும்னு நெனைக்கிறது தப்பு, ஒரே வேகத்துலதான் குளுரும், நிப்பாட்டத்தான் லேட்டாகும்.

பிளக்கு 16 ஆம்பியர் தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் வயர். எக்ஸ்டென்ஷன் பெட்டில சொருகுறவுக இருக்காக, நானே பாத்துருக்கேன், பிளக்கு உருகி சாக்கெட்டோட ஒட்டிக்கும். ஸ்டெபிலைசர் கட்டாயம். ஃபில்டர ரெண்டு வாரத்துக்கு ஒருக்காக் கழட்டி குழாய்ல காட்டுங்க, நம்ம செம்மண் தூசிக்கு அதுவே கம்மி. ஸ்டார் ஸ்டிக்கர்ல வருஷம் போட்டுருக்கும், அதையும் பாருங்க, 2022 ஜூலைல கணக்க மாத்துனாக, பழைய 5 ஸ்டார் 4 ஆயிருச்சு.

அப்பறம் அந்தத் தண்ணி. வீணாக்காதீக, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாம். ஆச்சிக்கும் அதயே சொல்லியிருக்கலாம்.

அரியக்குடி மருமக:

கணக்குப்புள்ள அண்ணே, உங்ககிட்ட யாராச்சும் கேட்டாகளா? அவரு வத்தலப் பத்திப் பேசுறாரு, நீங்க வயரப் பத்திப் பேசுறீக. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏசித் தண்ணிய ஊத்தலாம்னு சொல்லாதீக, அது டிஸ்டில்டு வாட்டர் இல்ல, ஏசிக்குள்ள குளுர்ற காயில்ல இருக்க தூசி, உலோகத் துகள் எல்லாத்தையும் கழுவிக்கிட்டுத்தான் வருது. எங்க கொழுந்தன் ஊத்துனாரு, பேட்டரி ஒண்ணேகால் வருஷத்துல படுத்துருச்சு. தண்ணிதான் காரணமான்னு கடைக்காரர் உறுதியாச் சொல்லல, ஆனா நான் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், அவருக்கும் ஒரு பயம் இருக்கணும்ல.

எங்க கதை சத்தம். டவுன்ல சின்ன ஃபிளாட், கட்டிலப் போட்டா மீதிக்கு நடக்கத்தான் எடம். ஏசி வச்சது கட்டில்ல தலமாட்டுக்கு நேர. மொத ராத்திரி வாசல்ல லாரிய நிப்பாட்டிட்டு எஞ்சின ஆஃப் பண்ணாமப் போயிட்டாகளோன்னு இருந்துச்சு. உள்ள வேற சளக் சளக்குன்னு தண்ணி அடிக்கிற சத்தம், ரிப்பேர்னு நெனச்சு ஆளக் கூப்புட்டா, பின்னாடி ஃபேன் தேங்குற தண்ணிய வாரிச் சூடான காயில்மேல அடிக்குது, அப்புடித்தான் இருக்கணும்னுட்டாரு. என் வீட்டுக்காரர் பஞ்சு வச்சுக்கிட்டுத் தூங்குனாரு.

அப்பறம் புள்ள பொறந்துச்சு. தாய்வீட்டுலேர்ந்து மூணாம் மாசம் கூட்டிட்டு வந்தோம். அங்க எங்க ஆத்தா வீட்டுல முத்தத்துக் காத்து, அம்புட்டு அமைதி, புள்ள தூங்கவே தூங்காது. இங்க வந்து இந்த லாரியப் போட்டதும் அஞ்சு நிமிசத்துல கண்ண மூடிருச்சு. இப்ப என்னன்னா, நடுராத்திரி கரண்டு போச்சுன்னா வெக்கை வர்றதுக்கு முன்னாடியே, அந்தச் சத்தம் அடங்குற நொடிலயே முழிச்சுருது. போன வாரம் ரெண்டு மணிக்கு கரண்டு போயி, இருட்டுக்குள்ள என் வீட்டுக்காரர் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வாயாலயே "ர்ர்ர்ர்ர்"னு ஏசி மாதிரி சத்தம் குடுத்துக்கிட்டு ஹாலுக்கும் ரூமுக்கும் நடக்குறாரு. பக்கத்து ஃபிளாட்காரவுக கதவத் தட்டி, அண்ணனுக்கு என்னாச்சுன்னு கேட்டாக. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு சிரிச்ச சிரிப்புல புள்ள நல்லா முழிச்சுருச்சு.

கணக்குப்புள்ள:

தங்கச்சி, அனுபவத்துல சொன்னேன், தப்பா எடுத்துக்காதீக. கட்டில் தலமாட்டுல ஏசி வைக்கக்கூடாது, காத்துத் திருப்புற தகட்ட மேல பாத்து வைங்க.

பழைய சாமான்:

செகண்ட் ஹாண்ட் வாங்குனவுக யாரும் இல்லையா? நான் வாங்குனேன். முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய தூணு, கண்ணாடி, எனாமல் தட்டுன்னு பாத்துக்கிட்டே வளந்தவன், பழசுன்னா ஒரு நம்பிக்கை. ஊர விட்டுப் போற ஒரு குடும்பம் வித்தாக. காயில் செம்பா அலுமினியமான்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன், செம்பு. ஓட்டிப் பாத்தேன், குளுந்துச்சு. ரெண்டு பேரா தூக்கிக் கொண்டாந்து வச்சோம், தூக்குனவனுக்குத்தான் தெரியும் அந்த கனம்.

அன்னைக்கு ராத்திரி ஆன் பண்ணுனா சாம்பிராணி வாடை. நல்ல வெள்ளிக்கிழமை சாம்பிராணி. மொதல்ல எங்க வீட்டுல யாரோ போட்டாகன்னு நெனச்சேன். தினம் வருது. அவுக பூசை ரூமும் படுக்குற ரூமும் ஒண்ணாம், வருசக்கணக்கா இழுத்து வச்சிருக்கு மெஷின். நாலாம் நாள் அதோட தாளிச்ச வாடையும் லேசா. லைட்ட அணைச்சா வேற ஒரு குடும்பத்துக்கு நடுவுல படுத்துருக்க மாதிரியே இருந்துச்சு, அவுக என்ன ஏதுன்னு கேப்பாகளோன்னு ஒரு கூச்சம். சர்வீஸ்காரரக் கூப்புட்டு மொத்தமாக் கழட்டி மொட்டமாடில தண்ணி அடிச்சுக் கழுவுனோம், ஓடி வந்த தண்ணி காப்பி டிகாக்‌ஷன் நெறம். கழுவுன பெறகு வாடையே இல்ல.

கோட்டையூர் பேரன், அந்த கேஸ்காரரு ஆளு எப்புடி இருப்பாரு, ஒல்லியா, நீலக் கலர் பையா? நமக்கும் வணக்கம் வைக்கிறாரு ஒருத்தரு.

மாடிவீட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்புள்ள அண்ணே, ஓனர்கிட்ட பெயிண்ட் அடிக்கச் சொன்னேன், நீயே அடிச்சுக்கன்னுட்டாரு.

ட்யூப் போட்டுட்டேன். பின்னாடி அடித்தட்டுல ரப்பர் மூடி ஒண்ணு இருந்துச்சு, அதக் கழட்டிட்டு மூக்கு சொருகி ட்யூப்ப மாட்டி, செவுத்தோட கிளிப் அடிச்சு எறக்கி, மழைத்தண்ணிக் குழாய்ல விட்டாச்சு. ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் ரெண்டு கிலோ கூழ் வத்தல் வாங்கிக்கிட்டு கீழ போனேன். கடை வத்தலக் கைல எடுத்து வெளிச்சத்துல பாத்தாக, "உப்பு கூட"ன்னு சொல்லிட்டு டப்பாவுல கொட்டிக்கிட்டாக. மன்னிச்சுக்கங்க ஆச்சின்னேன். அத விடுன்னுட்டு, "ரெண்டு நாளா தண்ணி வரலையே தம்பி, ஏசி ரிப்பேரா? மல்லியப்பூச் செடிக்கு அதத்தான ஊத்திக்கிட்டு இருந்தேன்"னு கேக்குறாக.

இப்ப ட்யூப்ப மழைத்தண்ணிக் குழாய்லேர்ந்து எடுத்து ஆச்சி வாளி வரைக்கும் எறக்கணும். முப்பத்தஞ்சு அடி வரும்போல.

ரஸ்தா:

முப்பத்தஞ்சு பத்தாது, நாப்பதா வாங்குங்க. நடுவுல தொய்வு இல்லாமக் கட்டுங்க, தொய்ஞ்ச எடத்துல பாசி புடிச்சு அடைக்கும். பல்லியும் பூரும்.