மங்கலதேவி கண்ணகி கோயில்: மாமியாரை எந்த வழியில் அழைத்துச் செல்வது?

வண்டிப்பெரியாறு வாசகி:
சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் வழிபாட்டுக்குத் திறக்கப்படும் தமிழக-கேரள எல்லை மலையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு, மூட்டுவலி உள்ள என் மாமியாரை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். தமிழகப் பக்கத்து மலையடிவாரமான பளியங்குடி வழியாக நடந்து ஏறினால்தான் நேர்த்திக்கடன் தீரும் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். குமுளியிலிருந்து ஜீப்பில் போனால் குறையாகிவிடுமா?

கூடலூர் வாசகர்:
அம்மா, அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மதுரையை எரித்தபின் கண்ணகி வைகைக் கரையோரம் மேற்கே நடந்து, மலையேறி வேங்கை மரத்தடியில் நின்று, பதினான்காம் நாள் விண்ணேகினாள் என்று சிலப்பதிகாரம் சொல்வதால், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நடந்து ஏறுவதை அவள் போன வழியாகவே இப்பகுதி மக்கள் கருதுகிறார்கள். விழாவுக்கு முன்னர்ப் பளியங்குடியில் பச்சை மூங்கிலில் கொடியேற்றுவதும் வழக்கம். ஆயினும் அந்தப் பாதை ஆறரை கிலோமீட்டருக்குக் குறையாது. காட்டுக்குள் செங்குத்தாக ஏறி, உச்சியை நெருங்கும்போது நிழலே இல்லாத புல்மேட்டில் கொண்டுபோய் விடும். மூட்டுவலியோடு அதில் ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குமுளி வாசகர்:
ஜீப்பிலேயே அழைத்து வாருங்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தின் வழியே செல்வதால் அனுமதி பெற்ற வண்டிகளை மட்டுமே விடுவார்கள். விடியும் முன்பே வரிசையில் நிற்காவிட்டால் வெயில் ஏறிய பிறகுதான் இடம் கிடைக்கும். மேலே சென்றவர்களையும் மாலைக்குள் கட்டாயம் இறக்கிவிடுவார்கள். இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்தே விழாவை நடத்துகின்றன. ஞெகிழிப் பைக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் சோதனைச் சாவடியில் சிறிதும் இரக்கம் கிடையாது, ஆகவே எவர்சில்வர் தூக்குவாளி கொண்டு வாருங்கள்.

மறையூர் வாசகர்:
செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்து பத்தினிக்குக் கோயில் எடுத்த கதையைப் படித்த எவரும், வழிபட வருபவர் நடந்து வந்தாரா என்று கண்ணகி கேட்பாள் எனக் கருதமாட்டார்கள். 1963இல் புலவர் சி. கோவிந்தராசனார் இதைக் கண்ணகி கோட்டம் என்று அடையாளங்காட்டிய பிறகே தமிழகத்தில் பரவலாகப் பேசப்பட்டது. இரு பக்கத்து மலைமக்களின் வழிபாடோ அதற்கு முந்தியது. தமிழ்முறைப் பூசையும் கேரளமுறைப் பூசையும் அங்கே நடக்கின்றன, இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். சாந்து இன்றி அடுக்கிய கற்கள் பல இடங்களில் சரிந்து கிடப்பதால், உங்கள் மாமியாரை ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கைத்தாங்கலாகவே கூட்டிச் செல்லுங்கள். நேர்த்திக்கு வளையலும் மஞ்சள் கயிறும் குமுளிக் கடைவீதியிலேயே முதல்நாள் வாங்கிவிடலாம்.