கூலன்ட் டேங்கில் டீ நிறம்: ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் என்னென்ன பார்த்தீர்கள்?

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாத்தூர் பக்கம் டீக்கு நிறுத்தினேன். வண்டி நின்றால் பானட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது, அவர் அம்பாசடர் காலத்து ஆள். திறந்தால், பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) டேங்கில் என் கையிலிருந்த கிளாஸின் அதே நிறம். மேலே ஆடை வேறு.

டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நின்றது. புகையும் இல்லை, இழுவையும் குறையவில்லை. எட்டு வருஷமான டீசல் ஹேட்ச்பேக், கம்பெனி பேர் வேண்டாம்.

பக்கத்துப் பட்டறையில் கேட்டேன். அவர் டேங்க்கை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு தம்பி. ஹெட்டை இறக்கி லேத்துல பேஸிங் போடணும். இருபத்தஞ்சாயிரம் எடுத்து வச்சுக்குங்க." ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி; அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் ஆயில், கூலன்ட், எரிந்த வாயு மூன்றையும் கலக்கவிடாமல் தடுக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். பேஸிங் என்றால் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு பஸ்ஸில் நின்றபடி கல்யாணத்துக்குப் போனோம். மறுநாள் லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் டேங்க் பக்கமே போகவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு வெள்ளை பனியன் துணியில் துடைத்தார். கறுப்பு ஆயில், டீசலில் எப்போதும் இருக்கிற மாதிரி. பால் கலந்த சாயல் துளிகூட இல்லை. பட்டறையில் ஒரு பழைய தோசைக்கல் வைத்திருக்கிறார். அதை ஸ்டவ்வில் காயவைத்து, டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு விட்டார். ஆயிலில் தண்ணீர் இருந்தால் கடுகு மாதிரி படபடவென்று வெடிக்குமாம். சத்தமே இல்லை, கமறிப் புகைந்ததோடு அடங்கிவிட்டது.

"அப்போ ஆயில் கூலன்ட்டுக்குள்ள போயிருக்கு, கூலன்ட் ஆயிலுக்குள்ள வரல. ஏன்னு யோசிங்க" என்றார். எனக்கு யோசனை ஓடவில்லை, அவரே சொன்னார். ஓடும்போது ஆயில் பிரஷர் மூன்று, நான்கு பார் வரை போகும். கூலன்ட் பிரஷர் மூடியில் எழுதியிருக்கிற 1.1 பாரைத் தாண்டாது. இரண்டுக்கும் நடுவில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அழுத்தம் கூடினது குறைந்ததற்குள் போகும். அப்படி இரண்டும் ஒட்டி உறவாடுகிற இடம், ஃபில்டருக்குப் பக்கத்தில், கூலன்ட்டை வைத்து ஆயிலைக் குளிர்விக்கிற ஆயில் கூலர். கேஸ்கெட்டில் ஆயில் வழிக்கும் தண்ணி வழிக்கும் நடுவே கிழிந்தாலும் இதே கதைதான் நடக்கும் என்பதால் டிப்ஸ்டிக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது என்றும் சொன்னார்.

அடுத்து ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். உள்ளே நீலத் திரவம். கூலன்ட்டுக்கு மேலே தேங்குகிற காற்றை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மாறும். பெட்ரோல் வண்டி என்றால் மஞ்சள், டீசல் என்றால் பச்சை. இருபது நிமிஷம் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்த்தும் நீலம் நீலமாகவே இருந்தது.

கடைசியில் ஆயில் கூலரைக் கழற்றினார். கூலன்ட் போகிற இரண்டு ஓட்டைகளையும் ரப்பர் வைத்து அடைத்து, ஆயில் பக்கம் காற்றைக் கொடுத்து, பஞ்சர் கடையில் டியூபை முக்குகிற மாதிரி தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு ரப்பரை லேசாகத் தளர்த்தியதும் முத்து முத்தாகக் குமிழி வரிசை கட்டியது. ஹெட்டில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் விஷயம் தெரிந்துவிட்டது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

நான் கோத்தகிரி. எனக்கு நேர் எதிர். டேங்க் பளிச்சென்று இருந்தது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மயோனைஸ் மாதிரி வெள்ளைப் பசை. மார்கழி மாசம். கேஸ்கெட்டேதான் என்று இரண்டு நாள் தூக்கமில்லை.

வயசான மெக்கானிக் ஒருத்தர் கேட்டது ஒரே கேள்வி: "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?" பிள்ளையை ஸ்கூலில் விட்டுவர, போக வர நாலு கிலோமீட்டர். "இன்ஜின் சூடே ஏறல சார். உள்ள வேர்க்குது. மேட்டுப்பாளையம் வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க." போய்விட்டு வந்தேன், பசை பாதியாகக் குறைந்திருந்தது. துடைத்துவிட்டு டேங்க்கில் கூலன்ட் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டி, தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பார்த்தேன். மூன்று வாரம், மட்டம் ஒரு நூல் இறங்கவில்லை. குளிர் ஊர்க்காரர்கள் பயப்படுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

* * *

ஷார்ஜாவில் இருக்கேன். செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வாங்கி ஆறு மாசம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தா அச்சு அசல் ரோஸ்மில்க். ரூம்மேட் குடிக்கலாம்போல இருக்குன்னு சிரிச்சான், எனக்கு அழுகைதான் வந்தது.

இந்த மாதிரி வண்டியில கியர் ஆயில் ஆறுறதுக்கான குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே ஓடுது. அது உள்ள அரிச்சுட்டா சிவப்பு ஆயில் கூலன்ட்டுல கலக்கும். இன்ஜினுக்கு வர்ற கெடுதலை விட கியர்பாக்ஸுக்கு வர்றது மோசம். தண்ணியும் கூலன்ட்டுல இருக்கிற கிளைகால்ங்கிற ரசாயனமும் உள்ள போனா கிளட்ச் பிளேட்டுல ஒட்டியிருக்கிற பொருள் பிச்சுக்கிட்டு வந்துரும். நான் தெரியாம இன்னும் நாலு நாள் ஓட்டினேன். புது ரேடியேட்டரோட நின்னிருக்க வேண்டிய செலவு கியர்பாக்ஸ் வரைக்கும் போச்சு. ரோஸ்மில்க் பார்த்தீங்கன்னா அந்த இடத்துலயே சாவியைப் பிடுங்கிருங்க.

* * *

சென்னையில கால் டாக்ஸி ஓட்டுறேன் அண்ணே. நம்ம கேஸ்ல ஆயிலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா பார்க்க செம்மண் குட்டை. முதலாளி வண்டிக்கு மூணு வருஷமா போர் தண்ணிதான் ஊத்தியிருக்காங்க. எங்க ஏரியா போர் தண்ணியில துணி துவைச்சாலே நுரை வராது, அதை ஊத்தினா ரேடியேட்டர் என்ன பாடுபடும்!

ஆயிலா துருவான்னு பார்க்க நான் செஞ்சது: இன்ஜின் ஆறினப்புறம் கொஞ்சம் எடுத்து ஒரு வாட்டர் பாட்டில்ல ஊத்தி ராத்திரி பூரா வச்சேன். காலையில பொடி அடியில படிஞ்சு மேல தெளிஞ்சிருந்தது. ஆயிலா இருந்தா மேல மிதந்திருக்கும். பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுக் காயவச்சேன், பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரி வெளிச்சம் ஊடுருவல. விரல்ல தேய்ச்சா நறநறன்னுச்சு, வழுக்கல. துரு, சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, கலரை நம்பாதீங்க. பச்சை தீர்ந்துபோச்சுன்னு கடைக்காரர் கொடுத்த ஆரஞ்சை அதுமேலேயே ஊத்தி, இன்னொரு வண்டியில கூழாகி டியூப் அடைச்சு முள்ளு மேல போனது இதே கண்ணால பார்த்தது. கலருக்கு ஊரு உலகத்துக்கெல்லாம் ஒரே சட்டம் கிடையாது. மேனுவல்ல என்ன வகைன்னு போட்டிருக்கோ அது, கூட பெட்ரோல் பங்க்ல விக்கிற பேட்டரி தண்ணி. அவ்வளவுதான்.

* * *

நிறம் மாறாமலேயே கெட்டுப்போகும் வகையும் உண்டு, அதையும் சேர்த்துவிடுகிறேன். என் பெட்ரோல் காரில் கூலன்ட் சுத்தம், ஆனால் வாரம் கால் லிட்டர் காணாமல் போகும். காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினேன். குமிழி நிற்கவே இல்லை. மூடியிருந்தால் இரண்டே நிமிஷத்தில், சூடு ஏறுவதற்குள், மேல் ஓஸ் பைப் கல் மாதிரி விறைத்தது. அது உண்மையிலேயே கேஸ்கெட்தான். சூடான வண்டியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். என் இடது மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, அது வேறு கதை.

* * *

எல்லோருக்கும் நன்றி. திரியைத் தொடங்கியவன் பேசுகிறேன். என் வண்டி நிலவரம்:

ஆயில் கூலரும் ஓ-ரிங்குகளும் புதுசு. வேலை அதோடு முடியும் என்று நினைத்தேன், கழுவுகிற கதைதான் பெரிய கதையாகிவிட்டது. முதல் ஆர்வத்தில் பாத்திரம் கழுவும் லிக்விடை நானே ஊற்றினேன். நுரை டேங்க்கை விட்டுப் பொங்கி பேட்டரி மேல் வழிந்தது. மெக்கானிக் அண்ணன் திட்டிவிட்டு, நுரைக்காத கிளீனரைப் போட்டு, தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி, வெந்நீரில் ஐந்து தடவை ஓட்டி வடித்தார். நாலாவது தடவையும் மேலே எண்ணெய்ப் படலம். ரப்பர் ஓஸ்கள் ஆயிலில் ஊறி அப்பளம்போல் உப்பிவிட்டன. அமுக்கினால் கொழகொழவென்றிருந்த இரண்டை மாற்றியாயிற்று.

வடித்ததை வாளியோடு வாசலில் வைக்கப்போனவனை அண்ணன் தடுத்தார். கூலன்ட் இனிக்கும், தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். கேனில் ஊற்றி இறுக்கி மூடி, பட்டறையில் கழிவு ஆயில் எடுக்க வருபவரிடம் கொடுத்தோம்.

புதுக் கூலன்ட் ஊற்றி 1,200 கிலோமீட்டர் ஆகிறது. நிறம் பச்சையாகவே இருக்கிறது. டேங்க்கின் உள்சுவரில் மட்டும் பழுப்பாக ஒரு வளையம், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. அது பழையதா புதிதா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிற தொல்லைக்குப் புது டேங்க்கே வாங்கிவிடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது.