பட்டறைகளிடம் நேரடியாக வாங்கினால் ‘நியாய வணிகம்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

நூல்கண்டு:
வணக்கம். கூடை, மரப்பொம்மை, கைத்தறித் துணி என்று கைவினைப் பொருட்களை ஆன்லைனில் விற்கிறேன், சின்னக் கடைதான். இதுவரை மொத்த வியாபாரியிடம் எடுத்து விற்றேன். இப்போது சில பட்டறைகளோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், எல்லாமே ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள் வேலை செய்கிற இடங்கள், கூடைப் பட்டறையில் மட்டும் பெண்கள் வீட்டிலிருந்தே பின்னிக் கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்கிற விலையை அப்படியே கொடுத்துவிடுவது என்று இருக்கிறேன், பேரமே கிடையாது. அது போதுமா? கடையின் இணையப் பக்கத்தில் ‘ஃபேர் டிரேட்’, அதாவது நியாய வணிகம், என்று போட என்ன சான்றிதழ் வாங்க வேண்டும்? காபி பாக்கெட்டில் இருக்கிற முத்திரை கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை:
அந்தக் காபி முத்திரையை மறந்துவிடுங்கள். 1988-இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவெலார் என்ற பெயரில் காபிக்காக ஆரம்பித்த ஏற்பாடு அது, அப்புறம் தேயிலை, கோகோ, வாழைப்பழம், பருத்தி என்று விரிந்தது. விளைபொருள் என்றால் ஒரு கிலோவுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று விலை வைக்கலாம். கூடைக்கு யார் எதை வைத்து உலக விலை போடுவது? ஒவ்வொன்றும் ஒரு அளவு, ஒரு பின்னல். வேடிக்கை என்னவென்றால், இந்த இயக்கத்துக்கு விதை போட்டதே கைவினைதான். 1946-இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண் போர்ட்டோ ரிக்கோ பெண்களின் எம்பிராய்டரியை வாங்கிக்கொண்டுபோய் தன் ஊரில் தெரிந்தவர்களிடம் விற்றார், அதுதான் பின்னால் ‘டென் தௌசண்ட் வில்லேஜஸ்’ என்ற கைவினைக் கடைத்தொடர் ஆனது. பிரபலமான முத்திரை வந்தபோது கைவினை வெளியே நின்றுவிட்டது.

உங்கள் துறையில் பார்ப்பது பொருளை அல்ல, நிறுவனத்தை. உலக நியாய வணிக அமைப்பு, அதாவது டபிள்யூ.எஃப்.டி.ஓ., 1989-இல் தொடங்கியது. பத்துக் கொள்கைகள் வைத்திருக்கிறார்கள், சுயமதிப்பீடு, சக உறுப்பினர் வந்து பார்ப்பது, தணிக்கை என்று படிப்படியாகப் போகும். நீங்கள் வாங்குகிற பட்டறையோ அதன் கூட்டுறவோ ஏற்கெனவே உறுப்பினரா என்று முதலில் கேளுங்கள். கம்பளத்துக்கு குட்வீவ் என்ற முத்திரை இருக்கிறது, 1994-இல் ரக்மார்க் என்று தொடங்கியது, அதன் மையம் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு. மற்றபடி உங்கள் அளவுக்கு இப்போதே சான்றிதழுக்கு ஓட வேண்டாம் என்பேன். முத்திரைச் சின்னத்தை அனுமதியில்லாமல் போடாதீர்கள், ‘ஃபேர் டிரேட்’ என்று பொத்தாம்பொதுவாகவும் எழுதாதீர்கள். முன்பணம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், மீதியை எப்போது கொடுக்கிறீர்கள், கூலியை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று நேராக எழுதிவிடுங்கள். படிக்கிறவர் நம்புவது அதைத்தான்.

பட்டறைப்பக்கம்:
கைவினைக் கூட்டுறவு ஒன்றில் கணக்கு பார்த்த ஆள் நான், அதனால் கொஞ்சம் நீளமாக வரும்.

‘கேட்ட விலையைக் கொடுக்கிறேன்’ என்பது நல்ல மனசுதான், ஆனால் அந்த விலை எப்படி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் போன வியாபாரி கொடுத்த விலையோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். தங்கள் நேரத்தை அவர்களே முழுசாகக் கணக்கில் எடுப்பதில்லை. கூடையையே எடுங்கள். பின்னுகிற நேரத்தை மட்டும் சொல்வார்கள். மூங்கிலைப் பிளப்பது, பட்டை உரிப்பது, ஒரே தடிமனுக்குச் சீவுவது, ஊறவைப்பது, சாயம் போட்டால் அதை உலர்த்துவது, கடைசியில் விளிம்பு கட்டி நீட்டிக்கொண்டிருக்கும் சிம்புகளை நறுக்குவது, இதெல்லாம் எங்கே போயிற்று? விளிம்பு கட்டுவதுதான் கையை அறுக்கிற வேலை, அனுபவமுள்ளவர்களே அதில்தான் நிதானப்படுவார்கள், ஆனால் விலையில் அதற்கென்று ஒரு வரி இருக்காது.

அதனால் பட்டறையோடு உட்கார்ந்து ஒவ்வொரு படியாக நேரம் குறியுங்கள். அங்கே இருப்பவர்களில் வேகமானவரை வைத்துக் குறிக்காதீர்கள், அது பழைய தந்திரம், நடுத்தர வேகக்காரரை வைத்துக் குறியுங்கள். ஒரு முழு நாள் அப்படி வேலை செய்தால் கையில் வருகிற துண்டுக்கூலி (ஒரு பொருளுக்கு இவ்வளவு என்கிற கூலி), அந்த இடத்துச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தையாவது தொடுகிறதா? அது தரைமட்டம்தான், குடும்பம் நடத்த அது பல இடங்களில் காணாது. அதற்கு மேல் மூலப்பொருள், கழிவு, கருவித் தேய்மானம், வாடகை, பட்டறைக்கென்று கொஞ்சம் லாபம். இப்படிப் போட்டால் அவர்கள் கேட்டதைவிட விலை கூடி வரவும் வாய்ப்பு உண்டு. வந்தால் கூட்டிக் கொடுங்கள். பேரம் பேசுவது தப்பில்லை, கணக்கை மேசையில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பேசலாம்.

ஆனால் விலையைவிட முக்கியம் முன்பணம். டபிள்யூ.எஃப்.டி.ஓ. கொள்கையிலேயே இருக்கிறது, கைவினைப் பொருளுக்கு உற்பத்தியாளர் கேட்டால் ஆர்டர் மதிப்பில் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லாமல் முன்பணம் தர வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்? முன்பணம் இல்லாவிட்டால் நூலோ மூங்கிலோ கடனுக்குத்தான் வாங்க வேண்டும். அந்தக் கடனைக் கொடுப்பவரே பல இடங்களில் சரக்கை வாங்குகிறவராகவும் இருப்பார், அப்புறம் விலை சொல்லும் உரிமை அவர் கைக்குப் போய்விடும். மீதிப் பணத்தை ‘அறுபது நாளில்’ என்று இழுப்பது இன்னும் மோசம், கையில் காசில்லாதவர்கள் உங்களுக்குக் கடன் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் கூட்டுறவிடம் வாங்கிய ஒரு வெளிநாட்டு நிறுவனம் ‘நியாயம்’ என்று அட்டையில் பெரிதாக அச்சடித்திருந்தது, பாதித் துணி நெய்த பிறகு இந்த சீசனுக்கு நிறம் மாறிவிட்டது என்று ஆர்டரை ரத்து செய்தது. முன்பணமும் இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை. சாயம் போட்ட நூலை யார் திரும்ப எடுப்பார்கள்?

மாற்றுக்கட்சி:
எல்லாம் சரி, ஆனால் இடைத்தரகரை இவ்வளவு சுலபமாக வில்லனாக்க வேண்டாம். அவர் சும்மா உட்கார்ந்து கமிஷன் சாப்பிடுவதில்லை. ஆர்டர் இல்லாத மாதத்திலும் சரக்கு எடுத்துவைக்கிறார், கோணல்மாணலாக வந்ததையும் குறைந்த விலைக்காவது எடுக்கிறார், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ராத்திரியில் பணம் கொடுக்கிறார். வட்டி அதிகம்தான், ஆனால் அந்த நேரத்தில் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? நூல்கண்டு, நீங்கள் ஓர் ஆண்டு நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டு, விற்பனை படுத்தது என்று ஒதுங்கினால் பட்டறை அந்தப் பழைய ஆளிடம் தலைகுனிந்து போக வேண்டும். அவர் பழைய விலை கொடுப்பாரா என்ன?

ஆகவே எங்களுக்கு மட்டும்தான் செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். அவர்களுக்கு மற்ற வாடிக்கையாளர்கள் இருக்கட்டும், உங்கள் பங்கு ஒரு பகுதியாக இருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய ஆர்டர் கொடுப்பதும் உதவி இல்லை. அதற்காகப் புது ஆட்களைச் சேர்ப்பார்கள், தறி வாங்குவார்கள், அடுத்த வருடம் எல்லாம் சும்மா நிற்கும். சின்ன ஆர்டரானாலும் மாதாமாதம் வந்துகொண்டிருப்பதுதான் அவர்களுக்கு வேண்டும், அடுத்த ஆறு மாதத்துக்கு உத்தேசமாக எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்வதும்.

நூல்கண்டு:
இடைத்தரகர் பற்றி இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை, நன்றி. இன்னொன்று கேட்கிறேன். தரம் குறைந்த பொருள் வந்தால் என்ன செய்வது? நஷ்டம் யாருக்கு? வெளிநாட்டுக்கும் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

சரக்குப்பெட்டி:
ஒரே மாதிரி இரண்டு சாம்பிள் செய்யச் சொல்லி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அளவில், நிறத்தில் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று எழுதிவையுங்கள். கையால் செய்தது என்று சொல்லித்தானே விற்கிறீர்கள், எந்திர அச்சு மாதிரி எதிர்பார்க்காதீர்கள். வேலையில் குறை என்றால் பட்டறை சரிசெய்து தரட்டும். உங்கள் வரைபடத்தில் குழப்பம் இருந்தால் நஷ்டம் உங்களுடையது.

வெளிநாடு என்றால் சட்டம் வரும், இதைப் பட்டறை தலையில் கட்டக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் படும் துணிக்கு, அமீன் எனும் தீங்கான வேதிப்பொருட்களை வெளியிடும் ‘அசோ’ வகைச் செயற்கைச் சாயங்களுக்குத் தடை உண்டு. அமெரிக்காவில் பொம்மை வண்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது. பொம்மையாகத் தெரிகிற பொருளில் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று ஒட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ரோஸ்வுட் வகை மரம் என்றால் 2017 முதல் அந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, செய்துமுடித்த பொருளில் ஓர் அனுப்புதலுக்கு 10 கிலோ வரை விலக்கு உண்டு, ஆனாலும் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடுங்கள். மரப்பெட்டியில் அனுப்பினால் அதன் பலகை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நின்றுவிடும். ஆய்வகக் கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், பட்டறை தாங்காது.

பட்டறைப்பக்கம்:
வீட்டிலிருந்து பின்னுகிற பெண்கள் பற்றி யாரும் பேசவில்லை. அங்கேதான் பணம் கசியும். நீங்கள் பட்டறைக்குக் கொடுக்கிற விலை எதுவானாலும், மூலப்பொருளை வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பவர் அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. இப்படி வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களை மற்றக் கூலிக்காரர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-லேயே சொல்லிவிட்டது, அதை ஏற்று உறுதிசெய்த நாடுகள் மிகக் கொஞ்சம். நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு. எவ்வளவு பொருள் வாங்கினேன், எத்தனை கூடை கொடுத்தேன், எவ்வளவு பணம் வந்தது என்று அவர்களே எழுதட்டும், எழுதத் தெரியாதவருக்கு மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் போகும்போது முதலாளி கணக்கையும் இந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நூல்கண்டு:
நோட்டு யோசனையை முதல் ஆர்டரிலேயே ஆரம்பிக்கிறேன். பாதி முன்பணம் கொடுப்பதாகவும் இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன். சாம்பிள் வந்ததும் விலை பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பட்டறைப்பக்கம்:
அந்த சாம்பிளுக்கும் காசு கொடுங்கள். ஆர்டர் கொடுக்காவிட்டாலும் கொடுங்கள், முதல் கூடைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.