நடுவர் ஊதுவதற்கு முன் உயர்ந்த கை: தொழிலுக்கு வந்த விளையாட்டுக்காரர்கள்

காரைக்குடியிலிருந்து, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வங்கிப் பணியில் இருந்தேன். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் சிறுதொழில் கடன் மேசையிலேயே கழிந்தது. 2015ஆம் ஆண்டு முத்ரா திட்டம் வந்து, சொத்துப் பிணை இல்லாமல் சிசு வகையில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் வகையில் 5 லட்சம் வரையிலும், தருண் வகையில் 10 லட்சம் வரையிலும் கடன் தரலாம் என்றானபோது, அதுவரை வங்கிப் படியேறாத பலர் என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தார்கள். மாவட்ட அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் விளையாடிய இளைஞர்களும் அவர்களுள் இருந்தார்கள். உடற்கல்வியியல் கல்லூரி உள்ள ஊர் என்பதால் அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே குறைவில்லை. விளையாட்டுக்காரர்கள் தொழிலில் தேறுவார்களா என்று உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் அருகிலிருந்து கண்ட ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

அவர் கபடி வீரர். ஆத்தங்குடியில், வீட்டுத் தரையில் பதிக்கும் கல் போடும் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கக் கடன் வாங்கினார். முதல் ஆண்டு தவணைகளை ஒழுங்காகக் கட்டினார். இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒருநாள், தவணைத் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வந்து, "சார், இந்த மாதம் என்னால் கட்ட முடியாது" என்றார். அடைமழையில் கல் காயவில்லை. காயாத கல்லை அனுப்ப முடியாது. அனுப்பாமல் பணம் வராது. மழை எல்லோருக்கும் பொதுவான காரணந்தானே என்று நான் ஆறுதலாகச் சொன்னபோது அவர் அதை ஏற்கவில்லை. ஐப்பசி வரும் என்பது தமக்குத் தெரியும் என்றும், ஆவணியிலும் புரட்டாசியிலும் கூடுதலாகக் கல் போட்டு அடுக்கி வைத்திருக்க வேண்டும் என்றும், அதைச் செய்யாதது தம் பிழை என்றும் சொன்னார். எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தாளில் எழுதியும் கொண்டுவந்திருந்தார்.

இது எவ்வளவு அரிய காட்சி என்பது கடன் மேசையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். பெரும்பாலோர் அந்தத் தொண்ணூறு நாட்களும் தொலைபேசியை எடுக்காமல் இருப்பார்கள். நேரில் பார்த்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள். நேர்மையற்றவர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். வெட்கமும் அச்சமும் அவர்களை அப்படிச் செய்ய வைக்கின்றன. முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டால் வழிகள் பல உண்டு. நாள் கடந்த பிறகு எங்கள் கைகளும் கட்டப்பட்டுவிடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டேன். சிறுவனாக மண் தரையில் ஆடிய காலத்தில் ஒரே ஒரு நடுவர்தான் இருப்பாராம். முப்பது விநாடிக்குள் பாடி வந்து தொட்டுவிட்டுத் திரும்புகிறவரின் விரல் நுனி தன்மேல் பட்டதா இல்லையா என்பது பல நேரம் பட்டவருக்கு மட்டுமே தெரியும். பட்டால் நடுவர் ஊதுவதற்கு முன்பே கையை உயர்த்திக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது அவருடைய பயிற்சியாளர் விதித்த சட்டம். உயர்த்தாதவரை அடுத்த ஆட்டத்தில் சேர்க்க மாட்டாராம். வெளியேறுவதால் ஒரு புள்ளிதான் போகும். மறைத்தால், உன்னோடு ஆடும் ஆறு பேரும் அதன் பிறகு உன்னை நம்பி ஒரு பிடிக்குப் போக மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய சோதனை பின்னால் வந்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகும் பொருளன்று. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு மணலும் சிமெண்டும் சேர்ந்த சாந்தை அழுத்திச் செய்வது. அதன் உறுதியெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் நாட்களில் இருக்கிறது. வீடு குடிபுகும் நாள் நெருங்கிவிட்டது என்று ஒருவர் அவசரப்படுத்தியதால், ஒரு முறை கல்லைத் தொட்டியிலிருந்து முன்னதாகவே எடுத்து அனுப்பிவிட்டார். சில வாரங்களில் பட்டறையில் மீந்திருந்த அதே அடுக்குக் கற்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்த வீட்டுத் தரையில் பதித்த கற்களில் இன்னும் தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. இவர் பேருந்து ஏறிப் போய், கூடத்தில் நின்று, இந்தக் கல் தவறான கல் என்று தாமே சொன்னார். பெயர்த்து, புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அந்த ஆண்டின் இலாபம் முழுவதும் அதில் போயிற்று. வீட்டுக்காரர் மகிழ்ந்து பாராட்டினார் என்றெல்லாம் எதுவும் நடக்கவில்லை, கோபித்துத்தான் பேசியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் தம்பி வீட்டுக்கு இவரிடமே கல் கேட்டு ஆள் அனுப்பினார்.

தேவகோட்டையிலிருந்து, பலகாரத் தொழில் செய்பவர்

ஐயா எழுதியதைப் படித்தபோது என் பயிற்சிக் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. நான் கல்லூரி நாட்களில் 5,000 மீட்டர் ஓடியவள். நானூறு மீட்டர் தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று. பார்ப்பவர்கள் கடைசிச் சுற்றுதான் கடினம் என்று நினைப்பார்கள். ஓடியவர்களைக் கேட்டால் எட்டாவது, ஒன்பதாவது சுற்றைச் சொல்வார்கள். புறப்பட்டபோதிருந்த வேகம் தீர்ந்திருக்கும். முடிவும் கண்ணுக்குத் தெரியாது. கைதட்டுகிறவர்கள்கூட அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் என்று வீட்டிலேயே தொடங்கிய என் தொழிலுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. முதல் தீபாவளிக்கு உறவினர்களே வாங்கித் தீர்த்தார்கள். தை மாதத் திருமணங்களுக்கும் கொஞ்சம் போயிற்று. அதன் பிறகு வந்த ஆடி மாதத்தில் அடுப்பு மூட்டாத நாட்களே மிகுதி. அப்போது நான் செய்தது ஒன்றே ஒன்று: ஓடிய காலத்தில் செய்ததைப் போல, நாள்தோறும் எழுதினேன். எங்கள் பயிற்சியாளர் நல்ல நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறவர்களின் ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கால் வலித்து நின்ற நாளையும், மழைக்குப் பயந்து வராத நாளையும், காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும். அதே முறையில், எந்த அரிசி, எந்த உளுந்து, எத்தனை ஈடு, எண்ணெயை எப்போது மாற்றினேன், யார் என்ன குறை சொன்னார் என்று எழுதத் தொடங்கினேன். மூன்று மாதத்தில் அந்த ஏடே எனக்கு வழி காட்டியது: குறை சொன்னவர்களில் பெரும்பாலோர் பழைய எண்ணெயில் எடுத்த கடைசி ஈட்டை வாங்கியவர்கள். பொரிக்கும் எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கெட்ட பொருள்களான மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதை நான் அறிந்ததும் அந்தத் தேடலில்தான்.

இங்கே இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. என் தந்தையார் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அன்றாடக் குறிப்பிலிருந்து பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்து இருப்பைச் சரிபார்க்கும்போது ஐந்து பைசா இடித்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார். பையிலிருந்து ஐந்து பைசாவைப் போட்டுச் சரிக்கட்டினால் என்ன என்று சிறுமியாகக் கேட்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் எங்கே தவறினோம் என்பது எப்போதும் தெரியாமலே போய்விடும் என்றார். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நகரத்தார், கணக்கு என்று சொல்லும் மூன்றாண்டுப் பணிக்காலத்துக்கு அனுப்பிய ஆட்களைக் கடல் தாண்டி நம்பியது இப்படிப்பட்ட ஏடுகளின் பலத்தில்தான். ஆகவே பொறுப்புச் சொல்லும் பழக்கத்தை விளையாட்டு மட்டுமே தருகிறது என்று நான் எண்ணவில்லை. எங்கள் ஊரில் அதற்கு வேறொரு பள்ளிக்கூடமும் இருந்தது. தந்தையாரிடம் பார்த்ததை என் உடம்பில் பழக்கியது தடகளம்.

பள்ளத்தூரிலிருந்து, முன்னாள் கைப்பந்து வீரர்

மேலே இருவரும் எழுதியவற்றை மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டு எனக்குக் கற்றுத் தந்த ஒன்று என்னைக் கெடுத்தது. அதையும் இங்கே பதிவு செய்வது முறை.

முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு இரண்டு பருவங்கள் ஆடினேன். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். வலியோடு ஆடுகிறவனை எல்லோரும் மெச்சினார்கள்; அந்த மெச்சுதல் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு காரைக்குடியில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்தியபோது, ஓராண்டிலேயே வாடகைக்கும் கருவிகளுக்கான தவணைக்கும் வரவு போதாது என்பது தெரிந்துவிட்டது. விடக் கூடாது என்று இன்னும் இரண்டு ஆண்டுகள் நடத்தினேன். மனைவியின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. பெட்டியில் இருக்கின்றன என்றே அவரிடம் சொல்லிவந்தேன். முழங்காலை மறைத்த அதே மனந்தான் அடகுச் சீட்டையும் மறைத்தது என்பது, எல்லாம் முடிந்து கூடத்தை மூடிய பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

கைப்பந்தில் ஒவ்வொரு செட்டிலும் முப்பது விநாடி இடைவேளையை இரண்டு முறை கேட்கப் பயிற்சியாளருக்கு உரிமை உண்டு. களத்துக்குள் நிற்பவனுக்கு அடுத்த பந்துதான் தெரியும். தொடர்ந்து புள்ளி போவதைக் கோட்டுக்கு வெளியே இருப்பவர்தான் பார்ப்பார். நான் தனியாகத் தொழில் தொடங்கியபோது அந்த வெளியாளை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சிறிய அளவில் விளையாட்டுச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். மாதக் கடைசி ஞாயிறு மைத்துனர் வந்து கணக்கைப் பார்ப்பார். மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால் புதிய துணி எடுக்கக் கூடாது என்பது நாங்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஒரு முறை அப்படி நிறுத்தியும் விட்டார். அன்று எனக்கு வருத்தந்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

கபடி நண்பரிடம் ஐயா கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்: கையை உயர்த்தியது சரி, மறுபடியும் அதே தவறு நேராமல் இருக்க அவர் என்ன செய்தார்?

ராயவரத்திலிருந்து, உடற்கல்வி ஆசிரியர்

சுருக்கமாக ஒன்று. பதக்கம் வாங்கியவர்தான் தொழிலில் தேறுவார் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். நான் பார்த்தவரையில், மாநில அணிக்குத் தேர்வாகாமல் போனாலும் காலை ஐந்தரைக்குத் தாமே வந்து களத்தில் கோடு போட்டு வைத்த மாணவர்கள்தாம் பிற்காலத்தில் கடையையும் பட்டறையையும் நிலைநிறுத்தினார்கள்.

பெரிய வீரர்களுள் இறகுப்பந்து வீரர் புல்லேலா கோபிசந்தை மாணவர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 2001ஆம் ஆண்டு ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிறகு, தாம் அருந்தாத பானத்தைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன் என்று குளிர்பான விளம்பரத்தை மறுத்தவர் அவர். பின்பு பயிற்சி நிலையம் கட்டப் பணம் போதாமல் சொந்த வீட்டை அடகு வைத்தார். அந்த நிலையம் 2008இல் ஐதராபாத்தில் திறந்தது. அங்கே பயின்ற சாய்னா 2012இலும் சிந்து 2016இலும் ஒலிம்பிக் பதக்கம் வென்றார்கள். வீட்டை அடகு வைத்த துணிவை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த மறுப்பே பெரிதாகத் தெரிகிறது.

காரைக்குடியிலிருந்து, மீண்டும்

பள்ளத்தூர் நண்பரின் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கடந்த வெள்ளிக்கிழமை ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். நான் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

பட்டறை வாசலில் லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி நிழலில் அமர்ந்திருந்தார். கல் வாங்குகிறவர் தொலைபேசியில் இருந்தார். அவருடைய அவசரம் எனக்கும் கேட்டது. நம் கபடி வீரர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தொட்டிப் பக்கம் போய், அங்கே வேலை செய்யும் மூத்த பெண்மணியைப் பார்த்தார். உப்புப் பூத்த அந்த ஆண்டிலிருந்து, தொட்டியிலிருந்து கல்லை எடுக்கும் உரிமையை அவரிடமே கொடுத்துவிட்டதாகவும், அவர் சொல்லாமல் தாமும் ஒரு கல்லைத் தூக்குவதில்லை என்றும் பிறகு சொன்னார்.

அந்த அம்மாள் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தார். விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்தார். திரும்பவும் தண்ணீரில் இறக்கினார்.

"திங்கட்கிழமைதான் தம்பி."

நம் கபடி வீரர் தொலைபேசியில் அதையே சொன்னார். ஓட்டுநருக்குச் சாப்பாடும் டீசலுக்குப் பணமும் கொடுத்து, லாரியை வெறும் லாரியாகத் திருப்பி அனுப்பினார்.